இமயத்தின் அடியில் பதினெட்டு மில்லிமீட்டர்

இந்தியா ஆசியாவை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நகர்கிறது. அதில் சுமார் 18 மில்லிமீட்டரை இமயமலை தாங்குகிறது. மிச்சத்தைத் திபெத்தும் அதற்கு வடக்கே உள்ள மலைகளும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த 18 என்ற எண், நேபாளத்துப் பாறைகளில் ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்திப் பல ஆண்டுகள் கவனித்ததில் கிடைத்தது. ஜிபிஎஸ் இல்லாமலும் இதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். லாவே, அவுவாக் என்ற இரு பிரெஞ்சு நிலவியலாளர்கள், காட்மாண்டுக்குத் தெற்கே பாக்மதியும் பாகேயாவும் சிவாலிக் குன்றுகளை அறுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில், பழைய ஆற்றுப்படுகைகள் மேடைகளாக உயர்ந்து நிற்பதை அளந்தார்கள். 2000-இல் வெளியான அவர்கள் கணக்கு 21.5 மில்லிமீட்டர், முன்னே பின்னே 1.5. ஜிபிஎஸ் பார்ப்பது சில பத்தாண்டுகளை. ஆற்று மேடைகள் காட்டுவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளை. இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவதால்தான் இந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட முடிகிறது. கீழே எல்லா இடத்திலும் 18-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நகர்வு வழுக்கிக்கொண்டு நடப்பதில்லை. சிவாலிக் அடிவாரத்தில் தொடங்கி வடக்கே மலைக்கு அடியில் சரிந்து போகும் பெரிய நிலப்பிளவுத் தளம், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் பூட்டிக் கிடக்கிறது. அதற்கும் வடக்கே, ஆழத்தில், சூடேறிய பாறை மெதுவாக நகர்கிறது. பூட்டிய பகுதி நகராமல் வளைந்து அழுத்தத்தைச் சேர்க்கிறது. சேர்ந்தது ஒருநாள் சில நிமிடங்களுக்குள் அவிழ்கிறது.

சேர்வது எவ்வளவு? மலைத்தொடரின் நீளம் சுமார் 2,400 கி.மீ. அகலம் 100 கி.மீ. இரண்டையும் 0.018 மீட்டரால் பெருக்கினால் ஆண்டுக்கு 432 கோடி கன மீட்டர். பாறையின் விறைப்பையும் சேர்த்து நிலநடுக்க அளவாக மாற்றினால், மலைத்தொடர் முழுவதும் ஓராண்டில் சேர்ப்பது 7.3 அளவுள்ள ஒரு நடுக்கத்துக்குச் சமம். அகலம் இடத்துக்கு இடம் மாறும், பூட்டு ஒரே சீராக இருக்காது. ஆகவே இது துல்லியக் கணக்கு அல்ல, பருவட்டான கணக்கு. ஆனாலும் இதை வரவாக வைத்துக்கொண்டு, 1900-க்குப் பிறகு வந்த பெரிய நடுக்கங்களைச் செலவாக எழுதிப் பார்க்கலாம்:

1905, காங்க்ரா, அளவு 7.8: சுமார் 5 ஆண்டு வரவு
1934, பிகார்-நேபாளம், அளவு 8.2: சுமார் 19 ஆண்டு
1950, அசாம்-திபெத், அளவு 8.6: சுமார் 77 ஆண்டு
2005, காஷ்மீர், அளவு 7.6: சுமார் 2.4 ஆண்டு
2015, கோர்க்கா, அளவு 7.8: சுமார் 5 ஆண்டு

கூட்டினால் 108. வரவோ 2025 வரை 125 ஆண்டு. கிட்டத்தட்ட நேர் செய்தாகிவிட்டது போலத் தோன்றும். அப்படி நம்பினால் ஆபத்து. 77 ஆண்டு வரவைக் கழித்த 1950 நடுக்கம் மலைத்தொடரின் கிழக்குக் கடைசியில், அருணாசலப் பிரதேசமும் திபெத்தும் சேரும் மூலையில் வந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 31 தான். அசாமில் கழிந்த அழுத்தம் உத்தராகண்டின் கட்வால் பகுதியின் பாக்கியைக் குறைக்காது; ஒவ்வொரு துண்டும் தன் பாக்கியைத் தானே தீர்க்க வேண்டும். தவிர, 1934-இன் அளவே உறுதியாக நிலைநாட்டப்பட்டதல்ல. அதை 8.1 என்று எழுதினால் 14 ஆண்டு, 8.4 என்று எழுதினால் 39 ஆண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒரே ஓர் இலக்கத்துக்கு இருபத்தைந்து ஆண்டு வித்தியாசம்.

இந்த இலக்கத்தின் கனம் தெரியாததால்தான், 'சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தால் நல்லது, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்' என்ற பேச்சு ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பிறகும் கிளம்புகிறது. அளவில் 1 கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, 2 கூடினால் 1,000 மடங்கு. 8.6 அளவுள்ள ஒரு நடுக்கத்துக்கு ஈடாக 6.6 அளவில் ஆயிரம் நடுக்கங்கள் வேண்டும், 5.6 அளவில் முப்பத்திரண்டாயிரம். 1999-இல் சமோலியில் 6.6 அளவில் வந்து சுமார் நூறு பேரைக் கொன்ற நடுக்கம், மேலே போட்ட கணக்கின்படி, மலைத்தொடர் முழுவதன் 28 நாள் வரவை மட்டுமே கழித்தது.

சமோலி இருக்கும் பகுதிதான் கணக்கில் மிகவும் சிக்கலானது. 1905-இல் உடைந்த காங்க்ராவுக்கும் 1934-இல் உடைந்த கிழக்கு நேபாளத்துக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு அளவு 8-ஐத் தொட்ட நடுக்கம் ஒன்றும் நவீனக் கருவிகளில் பதிவாகவில்லை. அதை மத்திய நிலநடுக்க இடைவெளி என்கிறார்கள். உத்தராகண்ட் முழுவதும் அதற்குள் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 1.01 கோடி. 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணையும் அங்கேதான் நிற்கிறது.

அங்கே பாக்கி எவ்வளவு என்பது, கடைசியாக எப்போது தீர்ந்தது என்பதைப் பொறுத்தது. அதற்கு 1344, 1505, 1803 என்று மூன்று ஆண்டுகள் பேசப்படுகின்றன. கடைசிப் பெரிய உடைப்பு 1803 என்றால் 2025 வரை 222 ஆண்டு, சேர்ந்தது 4 மீட்டர். 1505 என்றால் 520 ஆண்டு, 9.4 மீட்டர். 1344 என்றால் 681 ஆண்டு, 12.3 மீட்டர். 4 மீட்டர் நழுவல் 200 கி.மீ. நீளத்தில் அவிழ்ந்தால் அளவு 8.2 வரும். 9.4 மீட்டர் 500 கி.மீ. நீளத்தில் அவிழ்ந்தால் 8.7. இரண்டும் பேரழிவுதான். ஆனால் பின்னது முன்னதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. எந்த ஆண்டு சரி என்ற சண்டை ஏட்டுச் சண்டை அல்ல என்பதற்காகவே இந்த எண்களை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த ஆண்டைக் கண்டுபிடிக்கச் செய்யும் வேலையின் அளவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அடிவாரத்தில் மலைக்கும் சமவெளிக்கும் நடுவே சில மீட்டர் உயரத்தில் ஒரு மண்மேட்டுப் படி ஓடும். அதற்குக் குறுக்கே ஜேசிபி வைத்து ஓர் ஆய்வுக் குழி தோண்டுவார்கள். சுவரைக் கரண்டியால் செதுக்கிச் சுத்தம் செய்து, மீட்டருக்கு மீட்டர் ஆணி அடித்து, கயிறு கட்டிக் கட்டம் போடுவார்கள். பிறகு நாள் கணக்கில் சுவர் முன்னால் உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கு, வண்டல் அடுக்கு, மணல் அடுக்கு என்று ஒவ்வொன்றையும் வரைதாளில் ஏற்றுவார்கள். ஓர் இடத்தில் அடுக்குகள் வரிசை தப்பியிருக்கும்: பழைய கூழாங்கல் படுகை சாய்வாக ஏறி வந்து இளைய மண்ணின் மேல் படுத்திருக்கும். அந்தச் சாய்வுக் கோடுதான் பிளவு. கோடு எந்த அடுக்கு வரை அறுத்திருக்கிறது, எந்த அடுக்கு அறுபடாமல் அதன் மேல் மூடியிருக்கிறது என்று பார்த்தால், அந்த இரண்டுக்கும் நடுவே நடுக்கம் வந்திருக்கிறது. இரண்டு அடுக்கிலிருந்தும் கரித்துண்டுகளைப் பொறுக்கி, கார்பன்-14 சோதனைக்கு அனுப்புவார்கள். மிளகளவு கரி போதும். கரியே இல்லாத மணலில், வெயில் படாமல் உலோகக் குழாயை அடித்து இறக்கி மணலை எடுப்பார்கள். அது கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று ஆய்வகம் சொல்லும்.

கரித்துண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காட்டில் முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உள்வயிரம் எரிந்து, ஆற்றில் உருண்டு, மண்ணில் புதைந்திருந்தால், சோதனையில் வரும் வயது மரத்தின் வயதே தவிர மண்ணின் வயது அல்ல. 1344-க்கும் 1505-க்கும் நடுவே இருப்பது 161 ஆண்டு. ஒரு தேவதாரு மரத்தின் ஆயுளுக்குள் அது அடங்கிவிடும்.

இப்படிப்பட்ட குழிகளிலிருந்து வந்தவைதான் இன்று நம் கையில் உள்ள தேதிகள். மார்ஹா கோலா என்ற நேபாள ஓடையருகே லாவேயும் சகாக்களும் கண்ட உடைப்பு, கி.பி. 1100 வாக்கில் நிலம் ஒரே தடவையில் ஏறத்தாழ 17 மீட்டர் நழுவியதைக் காட்டியது. 18 மில்லிமீட்டர் வீதத்தில் அது 944 ஆண்டு வரவு. இமாசலப் பிரதேசத்தின் காலா அம்பில் செந்தில் குமாரும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் தோண்டிய குழியின் முடிவு 2001-இல் வந்தது. 1934 நடுக்கம் நிலத்தின் மேற்பரப்பை உடைக்கவே இல்லை என்று வெகுகாலம் நம்பப்பட்டது. நேபாளத்தின் சிர் கோலா பள்ளத்தாக்கில் ஆற்றுக்கரையைச் செதுக்கிப் பார்த்த சப்கோட்டாவும் பிரெஞ்சுக் குழுவும், 1934-இன் தடத்தையும் அதன் அடியில் 1255-இன் தடத்தையும் 2013-இல்தான் வெளியிட்டார்கள். நடுக்கம் வந்து 79 ஆண்டுகள் கழித்து. 1950-இன் உடைப்பை அருணாசலத்தின் பாசிகாட்டில், டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெயங்கொண்டபெருமாள் உள்ளிட்ட குழு 2017-இல் காட்டியது. 67 ஆண்டுகள் கழித்து.

1255-க்கும் 1934-க்கும் இடைவெளி 679 ஆண்டு. அதே பகுதியில் இன்னும் பழைய தடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது சராசரி இடைவெளி ஒரு கணக்கில் 750 ஆண்டு, முன்னே பின்னே 140. இன்னொரு கணக்கில் 870, முன்னே பின்னே 350. இந்த 350-ஐத்தான் செய்திகள் விட்டுவிடுகின்றன. '870 ஆண்டுக்கு ஒருமுறை' என்று எழுதினால் கெடு குறித்தது போல ஆகிவிடுகிறது. 520-இலும் வரலாம், 1,220-இலும் வரலாம் என்பதே அந்த எண்ணின் உண்மைப் பொருள்.

குழி காட்டாததும் உண்டு. 2015 ஏப்ரல் 25 கோர்க்கா நடுக்கத்தில், சுமார் 140 கி.மீ. நீளமும் 50 கி.மீ. அகலமும் கொண்ட தளம் சராசரியாக 3 மீட்டர் நழுவியது. காட்மாண்டு பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலெழுந்து இரண்டு மீட்டர் தெற்கே நகர்ந்தது. ஆனால் உடைப்பு ஆழத்திலேயே நின்றுவிட்டது. அடிவாரத்தில் மண் பிளக்கவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது அங்கே குழி தோண்டினால் 2015 என்ற ஆண்டே அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. குழிக் கணக்கில் விழுவது மிகப் பெரியவை மட்டும்.

மனிதக் கணக்கோ அப்படிப் பெரியதை மட்டும் எழுதிக்கொள்வதில்லை. 1950-இன் 77 ஆண்டு வரவு அவிழ்ந்தபோது இறந்தவர்கள் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. அங்கே மக்கள் அவ்வளவு அடர்ந்து வாழவில்லை. 1934-இல் நேபாளத்தில் 8,519 பேர், பிகாரில் 7,253 பேர். 1991 அக்டோபர் 20-ஆம் தேதி உத்தரகாசியில் 6.8 அளவில் வந்த நடுக்கம் கழித்தது 56 நாள் வரவு. இறந்தவர்கள் 768 பேர். 2023 நவம்பர் 3 இரவு, பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் வந்ததை அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 5.7 என்றது, நேபாளம் 6.4 என்றது. 6.4 என்றே வைத்தால் 14 நாள் வரவு. 5.7 என்றால் ஒன்றேகால் நாள். தூங்கிக்கொண்டிருந்த 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒன்றேகால் நாள் அழுத்தத்துக்கு நூற்றைம்பது உயிர் என்பது மலையின் கணக்கு அல்ல, சுவரின் கணக்கு.

அந்தச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நேபாள மலைக் கிராமத்து வீட்டின் கல்சுவர் ஏறத்தாழ அரை மீட்டர் கனம் இருக்கும். பார்ப்பதற்கு அசையாதது போல நிற்கும். உண்மையில் அது இரண்டு சுவர்கள்: உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே உடைகல்லும் மண்ணும். கற்களைப் பிடித்திருப்பது களிமண் சாந்து. இரு முகங்களையும் கோக்கும் நீளக் கல் இருக்காது. நிலம் பக்கவாட்டில் ஆடியதும் வெளிமுகம் புடைக்கிறது, நடுமண் கீழே இறங்கி இரு முகங்களையும் ஆப்பாகப் பிரிக்கிறது, மூலை விரிகிறது, கூரை உள்ளே விழுகிறது. 2015-க்குப் பிறகு நேபாள அரசு எடுத்த சேதக் கணக்கில் முற்றிலும் இடிந்த வீடுகள் 4,98,852. அவற்றில் மண்சாந்து போன்ற பலவீனமான கட்டுமானம் 4,74,025, அதாவது 95 சதவீதம். சிமெண்ட் சாந்தில் கட்டியவை 18,214. கான்கிரீட் தூண் வைத்தவை 6,613. பாதி சேதமடைந்தவை இன்னும் 2,56,697.

கான்கிரீட் கட்டடங்கள் தப்பியதற்கு நல்ல கட்டுமானம் மட்டும் காரணமல்ல. காட்மாண்டு ஒரு பழைய ஏரியின் படிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் படிவத்தின் கனம் 500 மீட்டருக்கும் மேல். அந்தப் படிவம் 2015-இல் நான்கைந்து நொடிக்கு ஒருமுறை என்ற மெதுவான தாளத்தில் ஆடியதை ஜிபிஎஸ் பதிவுகள் காட்டின. மூன்று மாடி, நாலு மாடி வீடுகள் ஆடும் தாளம் அதைவிட மிக வேகமானது; அதனால் அவற்றின் மேல் முழு உதையும் விழவில்லை. தரஹரா போன்ற உயரக் கோபுரம் விழுந்தது. அடுத்த நடுக்கம் வேறு தாளத்தில் வரலாம். 2015-இல் நின்ற கட்டடம் சோதனையில் தேறிய கட்டடம் அல்ல என்பதைக் காட்மாண்டில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பணக் கணக்கு: சேதமும் இழப்பும் சேர்த்து 70,600 கோடி நேபாள ரூபாய். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று வீதத்தில் அது 44,125 கோடி. இதில் வீடுகளின் பங்கு மட்டும் 35,054 கோடி நேபாள ரூபாய், ஏறத்தாழ பாதி. இறந்தவர்கள் 8,790 பேர், காயம்பட்டவர்கள் 22,300 பேர். மலைச்சரிவுகள் சுமார் 25,000.

நடுக்கம் வந்தது சனிக்கிழமை பகல் 11:56. நேபாளத்தில் வாரவிடுமுறை சனிக்கிழமை, பள்ளிகள் பூட்டியிருந்தன. பத்தாண்டுக்கு முன், 2005 அக்டோபர் 8, அதுவும் சனிக்கிழமைதான். ஆனால் பாகிஸ்தானில் அன்று பள்ளி உண்டு. காலை 8:50-க்கு வகுப்பு தொடங்கியிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. அந்த நாட்டில் இறந்த 73,000-க்கும் மேற்பட்டோரில் 17,000-க்கு மேல் குழந்தைகள். இரண்டு சனிக்கிழமைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. நேபாளத்தின் பள்ளிகள் 2015-இல் ஆயிரக்கணக்கில் இடிந்தன. உள்ளே யாரும் இல்லாதது நாள்காட்டியின் தயவு.

2005-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று உடைந்த பிளவின் நீளம் ஏறத்தாழ 70 கி.மீ. அதில் பெரும்பகுதி 1991-லேயே உயிர்ப்புள்ள பிளவு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. ஜப்பானின் நகாடாவும் சகாக்களும் வான்படங்களை இரட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக் கோடு இழுத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு 14 ஆண்டு முன்பே தெரிந்த கோடு, அதன் மேல் கட்டிய பாலாகோட் நகரின் கொத்தனாருக்குத் தெரியாது.

நிலப்பிளவு ஆய்வுக்கு இன்னும் குழிகள் வேண்டும், இன்னும் ஜிபிஎஸ் வேண்டும், உத்தராகண்ட் அடிவாரத்தில் 1344-ஆ 1505-ஆ 1803-ஆ என்பதைத் தீர்க்க வேண்டும். அதற்காகும் வேலை ஒரு ஜேசிபி, சில வாரங்கள், ஒரு கைப்பிடிக் கரி. ஆனால் அந்த விடை 4 மீட்டராக வந்தாலும் 12 மீட்டராக வந்தாலும் கல்சுவருக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரு முகங்களையும் கோக்கும் நீளக் கல், அடித்தளத்திலும் ஜன்னல் மேலும் கூரை மட்டத்திலும் சுற்றிவர நம் கொத்தனார்கள் பெல்ட் என்று சொல்லும் கட்டு. அது மரமாக இருக்கலாம், கான்கிரீட்டாக இருக்கலாம். இமாசலத்தின் பழைய காட்-குனி வீடுகளில் கல்லுக்கு நடுவே மரச்சட்டம் ஓடுவது இதே வேலையைச் செய்கிறது. 2005-க்குப் பிறகு காஷ்மீரின் மரச்சட்ட வீடான தஜ்ஜி தீவாரியைப் பாகிஸ்தான் அரசே மறுகட்டுமானத்துக்கு ஏற்றுக்கொண்டது.

நேபாளம் மறுகட்டுமானத்துக்கு வீடு ஒன்றுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் என்று நிர்ணயித்தது. நம் கணக்கில் 1,87,500 ரூபாய். மூன்று தவணை. ஒப்பந்தம் போட்டதும் 50,000. அடித்தளம் எழுந்து பொறியாளர் வந்து பார்த்த பிறகு 1,50,000. சுவர் எழுந்து, மேல்மட்டப் பெல்ட் போட்டதைப் பார்த்த பிறகு 1,00,000. பெல்ட் இல்லையென்றால் அடுத்த தவணை இல்லை. இடிந்த 4,98,852 வீடுகளையும் இந்த 3 லட்சத்தால் பெருக்கினால் 14,966 கோடி நேபாள ரூபாய், மொத்த இழப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒரு லட்சமும் அந்தப் பெல்ட்டும் இடிந்த வீட்டுக்குத்தான் கிடைத்தன. பித்தோராகட், தார்ச்சூலா என்று உத்தராகண்டின் கிழக்கெல்லையில் இன்னும் இடியாமல் நிற்கும் கல்வீடுகளுக்கு இதே தவணையை, இதே பொறியாளர் சோதனையோடு, இப்போதே கொடுக்கத் தொடங்கலாம்.